லீவு கிடைக்காத விமான நிலையம்

என் தம்பி துபாய்க்குப் போகும்வரை எங்கள் வீட்டில் விமான நிலையங்களைப் பற்றிய பேச்சே கிடையாது. எனக்குத் தெரிந்தது கட்டுநாயக்க ஒன்றுதான், அதிலும் வாசல் மட்டும். கண்டியிலிருந்து ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே இறக்குவதும், வருகிறவர்களுக்காகப் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று கூட்டிவருவதும் என் தொழில். டிக்கட் இல்லாதவனுக்கு அந்தக் கதவோடு சரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எங்கள் வீடு கண்டியில் துப்புரவுத் தொழிலாளர்களின் குடியிருப்பான மஹய்யாவயில். அப்பா நகரசபையில் தெரு கூட்டும் வேலை செய்தார். நாங்கள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே இறந்துவிட்டார். அம்மாவும் அதே வேலைதான். விடியும் முன்பே கடைத்தெருவுக்குப் போய்விடுவாள். நாங்கள் எழுந்திருக்கும்போது பாணும் சம்பலும் மூடி வைத்திருக்கும். அப்படித்தான் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். எனக்கும் தம்பிக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவான், ஆனால் அடுத்த சொல் "நீ"தான். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் 'ங்க' போட்டதில்லை.

கொழும்பில் ஒரு ஏஜென்சி துபாய் விமான நிலையத்துக்கு ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பேருமே போனோம். இரண்டு பேருமே தெரிவானோம். ஆனால் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு இரண்டு பேரும் எப்படிக் கிளம்புவது? அன்று கொழும்பிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது தம்பிதான் பேச்செடுத்தான்.

"அண்ணே, நான் மொதல்ல போறேன். எடத்தப் பழகிக்கிட்டு ஒன்னையும் எடுக்குறேன். அங்க ஆளுங்கள ஏத்திக்கிட்டு பிளேன் பக்கத்துக்கே போற பஸ்ஸு ஓடுதாம். ஒனக்கு அதுதான் சரியான வேல."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. விமானத்தின் சிறகுக்குக் கீழே பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்துவதாக எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவனைக் கட்டுநாயக்கவில் நானேதான் கொண்டுபோய் விட்டேன். அம்மாவும் வந்தாள். அவன் உள்ளே போய் மறைந்த பிறகும் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றவளை நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

அங்கே அவனுக்கு முதலில் கிடைத்தது ட்ரொலி வண்டிகளைச் சேர்த்துத் தள்ளுகிற வேலை. பிறகு அந்த வேலைக்காரர்களுக்கு மேற்பார்வை. வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் பேசுவான். மற்ற நாட்களில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். பணம் ஒழுங்காக அனுப்பினான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் காத்துக்கிடந்தது அவன் குரலுக்காக.

"அம்மா, இங்க ஒரு டெர்மினல்ல இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்கு நடக்குறதுன்னா நம்ம ஆஸ்பத்திரியிலருந்து மணிக்கூண்டு வரைக்கும் நடக்குற மாதிரி. அதுக்குள்ளயே ரயில் ஓடுது."

அம்மா போனை என் கையிலிருந்து பிடுங்கி, "அவ்வளவு எடத்தையும் யாருடா கூட்டுறது?" என்று கேட்டாள்.

"மெஷின்மா. ஒக்காந்து ஓட்டிக்கிட்டே கூட்டுவாங்க."

"மூலை முடுக்கெல்லாம் மெஷினு போகுமா?"

"அதுக்கு ஆளு இருக்கு."

"அதானே," என்றாள் அம்மா. அவளுக்கு அது ஒரு பெரிய வெற்றி.

இன்னொரு நாள் கேட்டாள், "பெரஹரவுக்கு வர்ற கூட்டத்த விடக் கூட்டமா?" கண்டிப் பெரஹர ஊர்வலம் முடிந்த மறுநாள் காலையில் யானை போன தெருக்களைக் கூட்டித் தள்ளியவள் அவள். அவளுக்குத் தெரிந்த பெரிய கூட்டம் அதுதான்.

"அம்மா, இங்க ஒவ்வொரு நாளும் பெரஹரதான்," என்றான் தம்பி.

பெரியது வேறு, பரபரப்பானது வேறு என்று எனக்குச் சொல்லித்தந்தவனும் அவன்தான். நில அளவில் உலகத்திலேயே பெரியது சவூதியில் தம்மாமில் இருக்கிறதாம். பக்கத்திலிருக்கிற பஹ்ரைன் என்கிற நாடே கிட்டத்தட்ட அந்த அளவுதானாம். ஆனால் அந்த நிலத்துக்கு ஏற்ற கூட்டம் இல்லை, பெரும்பகுதி வெறும் மணல். ஆள் நடமாட்டத்தில் அமெரிக்காவில் அட்லாண்டாதான் முதலாவது. ஆனால் அங்கே பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், நாங்கள் கண்டிக்கும் கொழும்புக்கும் பஸ் ஏறுவதைப்போல ஏறி இறங்குகிறவர்கள். நாடு விட்டு நாடு போகிறவர்களை மட்டும் எண்ணினால் துபாயை அடிக்க ஆளில்லை. சாமான் ஏற்றி இறக்குவதென்றால் ஹொங்கொங். புதிதாகக் கட்டியதில் பிரமாண்டம் என்றால் இஸ்தான்புல்.

நான் இதையெல்லாம் வேனில் ஏறுகிறவர்களிடம் சோதித்துப் பார்ப்பேன். லண்டனில் நேர்சாக இருக்கிற ஒரு அம்மா, டோஹாவுக்குப் போகிற தோட்டத்துப் பையன்கள், அமெரிக்காவில் குடியிருக்கிற ஒரு இஞ்சினியர். அந்த இஞ்சினியரிடம், "அட்லாண்டா வழியாவா வந்தீங்க சேர்?" என்று கேட்டபோது அவர் பின்சீட்டிலிருந்து எட்டிப்பார்த்தார். அங்கே என்ன கூட்டம், எவ்வளவு நடை என்று கடுகண்ணாவை ஏறி முடிக்கும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டு வந்தோம். "நீங்க அங்க வேல செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டார். "என் தம்பி செய்யிறான், துபாய்ல," என்றேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு நிமிர்வு இருந்தது.

இரண்டு வருஷத்தில் லீவு என்றுதான் போனான். இரண்டு வருஷம் கழிந்தது. நாங்கள் கேட்டபோது சிரித்தான்.

"அண்ணே, தம்மாமுல வேல செஞ்சிருந்தா லீவு கெடச்சிருக்கும். அது சும்மா பெரிசு. இது உலகத்திலயே பிஸியான எடம். லீவுன்னு வாயத் தெறந்தா சிரிப்பாங்க."

நான் நம்பினேன். அம்மா என்னைவிட நம்பினாள். "அவ்வளவு கூட்டத்த விட்டுட்டு எப்படி வருவான்?" என்று அக்கம்பக்கத்தில் சொல்லுவாள். என் பஸ் வேலையைப் பற்றிக் கேட்டால், "இப்ப ஆளு எடுக்கல்லண்ணே, எடுத்தா மொத ஆளு நீதான்," என்பான். அதையும் நம்பினேன்.

பிறகு அம்மாவுக்குக் கண்ணில் பூ விழுந்து கண்டி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தோம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அம்மா முதல் தடவையாக அவனிடம் வாய்விட்டுக் கேட்டாள். "ஒரு தடவ வந்துட்டுப் போயேன் சாமி. கண்ணக் கட்டுறதுக்கு முன்னாடி ஒம் மொகத்தப் பாத்துக்குறேன்." அவன் அழுதான். நான் என் கண்ணால் பார்த்தேன், திரையில் அழுதான். "ஹஜ் கூட்டம்மா, ஒருத்தரையும் விட மாட்டேங்குறாங்க," என்றான். ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்ட கண்ணோடு கட்டிலில் கிடந்த அம்மா, பக்கத்துக் கட்டில்காரியிடம் ஹஜ் கூட்டத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவன் சில நேரம் என்னிடம், "அடுத்த வாரம் ஒனக்கு ஏர்போட் ட்ரிப் எந்தெந்த நாளு?" என்று கேட்பான். என் தொழில் எப்படிப் போகிறது என்று அக்கறையாகக் கேட்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். சந்தோஷமாகச் சொல்லுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு ட்ரிப் இல்லை. அவன் கேட்டபோதும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். ஆனால் முதல்நாள் மாலை கட்டுகஸ்தோட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு ஹாஜியாரின் மகன் பேசினார். வாப்பாவும் உம்மாவும் கட்டாரில் இருக்கிற மகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், கூட்டிவர வேண்டிய வேனுக்குக் கோளாறு என்றார். நான் போனேன்.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் வெளியே வரும் வழியில் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவரும் அவருடைய மனைவியும் நின்றார்கள். மலையகத்துத் தமிழாட்கள், வசதியான கடைக்காரர் என்று பார்த்தாலே தெரிந்தது. பெரியவர் திடீரென்று கையை உயர்த்தி, "மருமகன்! இங்க, இங்க!" என்று கூப்பிட்டார்.

ட்ரொலி நிறையப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தது என் தம்பி.

அவனுக்குப் பின்னால் ஒரு பெண். அவள் இடுப்பில் இரண்டு மூன்று வயதுப் பெண் குழந்தை. குழந்தை, "தாத்தா" என்று கையை நீட்டியது. அவன் சிரித்துக்கொண்டே நேராக எங்களை நோக்கி வந்தான். இரண்டு மூன்று எட்டு தூரத்தில்தான் என்னைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? எங்களுக்குச் சொல்லாமல் திடீரென்று வந்து நிற்கப் பார்த்திருக்கிறான் என்றுதான். வாயைத் திறந்து அவன் பெயரைச் சொல்லப் போனேன். அதற்குள் ட்ரொலியின் முன்சக்கரம் தடுப்பில் இடித்து ஒரு பெட்டி சரிந்தது. வெள்ளைச் சட்டைப் பெரியவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, கொஞ்சம் புடிக்கிறீங்களா?" என்றார். நான் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து பெட்டியைப் பிடித்தேன். என் தம்பியின் கையும் அதே பெட்டியில் இருந்தது.

"பரவால்லங்க," என்றான் அவன். "விடுங்க, நான் பாத்துக்குறேங்க."

என்னைப் பார்த்துச் சொன்னான். யாரோ ஒரு வேன்காரனிடம் மரியாதையாகப் பேசுவதைப்போல.

நான் கையை எடுத்துவிட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ரொம்ப தேங்ஸ்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் வாகனம் நிற்கும் பக்கம் நடந்தார்கள். அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. முதுகை விறைத்துக்கொண்டு நடந்தான். அந்த முதுகை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அம்மா அடிக்க வரும்போது அப்படித்தான் விறைப்பான்.

ஹாஜியாரும் அவர் மனைவியும் எப்போது வந்தார்கள், சாமான்களை எப்படி ஏற்றினேன் என்பதெல்லாம் சரியாக ஞாபகமில்லை. வரகாப்பொல தாண்டிய பிறகுதான் முன்னால் போகிற வெள்ளை வேனின் பின்கண்ணாடியில் அந்தக் குழந்தையின் தலை தெரிவதைக் கவனித்தேன். முந்தியிருக்கலாம், முந்தவில்லை. கேகாலை, மாவனல்லை, கடுகண்ணாவை மலை, எல்லா இடத்திலும் அந்தக் குழந்தை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை எனக்குக் கையைக்கூட ஆட்டியது.

"ஏன் மகன், மொகம் ஒரு மாதிரி ஈக்கி? சொகமில்லயா?" என்று ஹாஜியார் கேட்டார்.

"இல்ல ஹாஜியார், வெயிலு."

"எங்கயாவது நிப்பாட்டி தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுப் போம்."

"பரவாயில்ல, போயிருவோம்."

பேராதனையில் வெள்ளை வேன் வலப்பக்கம் கம்பளை ரோட்டில் திரும்பியது. நான் பாலத்தைக் கடந்து கண்டிக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவனுடைய துபாய் நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு மெசேஜ் வந்தது. "அண்ணே அம்மாட்ட சொல்லிறாத. நானே வந்து எல்லாம் சொல்றேன்." நான் காத்திருந்தேன். புதன் வரவில்லை, வியாழன் வரவில்லை. வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு அம்மாவின் போன் அடித்தது.

வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வழக்கமான அதே சிரிப்பு. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பது அவனுக்குத் தெரியும். ஒருவேளை அம்மாவிடம் சொல்லத்தான் எடுத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"என்னடா, மெலிஞ்சி போயிட்ட?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, கூட்டம். ஸ்கூல் லீவு வந்துருச்சில்ல, வெள்ளக்காரன் எல்லாம் புள்ளகுட்டியோட கெளம்பிட்டான். நிக்க நேரமில்ல."

"நேரத்துக்குச் சாப்பிடு."

"சாப்பிடுறேன்மா."

அம்மா சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அன்றைக்கு வந்த கோபத்தைவிட, அவன் அதை எவ்வளவு சுலபமாகச் செய்தான் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. இத்தனை வருஷமாகக் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டதில் எது உண்மை, எது இப்படி ஒரு சுவருக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னது என்று இனிமேல் எனக்குத் தெரியப்போவதில்லை.

மறுநாள் அவனுக்கு ஒரே ஒரு மெசேஜ் போட்டேன். "நான் கம்பளை ஸ்டேஷனுக்கு வர்றேன். நீ வரல்லன்னா கடை கடையா விசாரிச்சுக்கிட்டு வருவேன்." வந்தான்.

மேடையின் கடைசி வாங்கில் உட்கார்ந்தோம். ரயில் எதுவும் இல்லாத நேரம். அவன் நல்ல சட்டை போட்டிருந்தான், நல்ல வாசனை. நான் கேட்க வேண்டியதாகவே இருக்கவில்லை. அவனாகவே சொன்னான். அந்தப் பெண் துபாய் விமான நிலையத்தில் வாசனைத்திரவியக் கடை ஒன்றில் வேலை செய்தவள். பழக்கமானது. அவளுடைய அப்பாவுக்குக் கம்பளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாத்திரக் கடை. கல்யாணம் இங்கேயே கோயிலில் நடந்தது.

"அவ எந்த ஊருன்னு கேட்டா. ஹட்டன் பக்கம் தோட்டம்னு சொன்னேன்."

"எங்கள?"

அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "யாரும் இல்லன்னு சொன்னேன்."

"அம்மா?"

"செத்துட்டாங்கன்னு சொன்னேன்."

கல்யாணம் பதிகிற இடத்தில் பெற்றவர்களின் பெயரைக் கேட்பார்கள். பெற்றவள் உயிரோடு இருக்கிறாளா என்று எவரும் வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை. எனக்கு அந்த நேரத்தில் இப்படியான விஷயங்கள்தான் தலைக்குள் ஓடின.

"ஏன்டா?"

"ஏன்னு ஒனக்குத் தெரியாதாண்ணே?" என்று முதல் தடவையாக என் பக்கம் திரும்பினான். "மஹய்யாவன்னு சொன்னா ஆளுங்க மொகம் எப்படி மாறும்னு நீ பாத்ததில்லயா? நீயும் நானும் வேலைக்கு எழுதிப்போடும்போது மாமா வீட்டு அட்ரஸத்தான குடுத்தோம்? துபாய்ல என்னை ஒருத்தனும் எந்தத் தெருன்னு கேட்டதில்ல. அவ்வளவு கூட்டத்துல யாரு யாரக் கேப்பா? அவ மட்டும்தான் கேட்டா. அப்ப வாயில வந்தத சொல்லிட்டேன். அதுக்கப்புறம் மாத்த முடியல்ல."

"இது எத்தனாவது தடவ வர்ற?"

"மூணு."

"அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் செஞ்சப்ப?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"எங்கடா இருந்த?"

"இங்கதான்," என்றான். "புள்ளைக்கு மொட்ட போட்டோம்."

கம்பளையிலிருந்து கண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு பஸ். நடுவில் இறங்கி ஏறக்கூடத் தேவையில்லை. நான் எழுந்து நின்றேன். அவன் என் கையைப் பிடித்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள், மச்சான் துபாய்க்கு வந்து சேர்ந்ததிலிருந்து தனக்கு நிம்மதியே இல்லை, அவன் அங்கே கூடவே இருப்பதால் போன் பேசவும் பயமாக இருக்கிறது என்று ஏதேதோ சொன்னான்.

"எந்த மச்சான்?"

"அவ தம்பி. போன வருசம்தான் எடுத்துவிட்டேன்."

"என்ன வேல?"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. என் கையை விட்டான். "பஸ் ஓட்டுறான்," என்றான்.

அடிப்பேன் என்று நினைத்தானோ என்னவோ, தோளைக் குறுக்கினான். நான் அடிக்கவில்லை. மேடையை விட்டு வெளியே வந்து வேனை எடுத்தேன். கெலிஓயாவில் நிறுத்தி ரோட்டோரக் குழாயில் முகத்தைக் கழுவிவிட்டுத்தான் ஓட்ட முடிந்தது.

அன்று மாலையே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பஸ் வேலையை மட்டும் சொல்லவில்லை. அது எனக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை. தான் செத்துப்போனதாக அவன் சொன்ன இடத்தில் மட்டும் சுளகை மடியில் வைத்தாள்.

"எப்ப செத்தேனாம்?" என்று கேட்டாள்.

"அது கேக்கல்லம்மா."

"புள்ள யாரு ஜாடை?"

"தெரியல்ல. ஒன்னோட நெத்தி மாதிரி இருந்துச்சு."

மறுபடி சுளகை எடுத்துப் புடைத்தாள். 

வெள்ளிக்கிழமை போன் வந்தது. அதே சுவர். கூட்டம் இன்னும் குறையவில்லை, இந்த வருஷமும் லீவு கஷ்டம் என்று அவன் தொடங்கினான். அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் மூச்சு விட்ட இடத்தில் கேட்டாள்:

"கம்பளையில மழையா சாமி?"

அவன் முகம் அப்படியே நின்றது. லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப்பார்த்தேன். லைன் இருந்தது. "அம்மா..." என்றான். பிறகு போன் துண்டிக்கப்பட்டது. அம்மா அதைக் கதிரையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

அவன் வருவான் என்று இரண்டு பேருமே எதிர்பார்த்தோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் அந்த வாரம் முழுதும் அம்மா வாசல் பக்கமே இருந்தாள். லீவு முடிந்து அவன் துபாய்க்குப் போய்விட்டதை ஒரு மெசேஜில் சொன்னான். மனைவியும் குழந்தையும் கம்பளையிலேயே நின்றுவிட்டார்களாம், குழந்தையை இங்கே நேர்சரியில் சேர்க்கப் போகிறார்களாம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை அம்மா நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு வந்து, "கம்பளைக்குப் போயிட்டு வருவோம்," என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. "சண்ட போடவாம்மா?" என்றேன். "சாமான் வாங்க," என்றாள்.

பாத்திரக் கடையில் பெரியவர் இல்லை. அந்தப் பெண்தான் இருந்தாள். நான் வாசலில் நின்றேன். என்னை அவளுக்கு ஞாபகமில்லை. விமான நிலையத்தில் பெட்டி பிடித்த வேன்காரனின் முகத்தை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

"வாங்கம்மா. என்ன பாக்குறீங்க?"

"பால் குடிக்கிற கிளாசு. சின்னதா."

"பேரப்புள்ளைக்கா?"

"பேத்திக்கு."

அவள் நாலைந்து கிளாசுகளை எடுத்து வைத்தாள். மேசைக்கு அடியிலிருந்து குழந்தை எழுந்து வந்து தானும் ஒன்றை எடுத்து அம்மாவிடம் நீட்டியது. அம்மா குனிந்து வாங்கிக்கொண்டாள். 

"வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்கம்மா," என்று அந்தப் பெண் கதிரையை இழுத்துப் போட்டாள். "எங்கருந்து வர்றீங்க?"

"கண்டி," என்றாள் அம்மா. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, "மஹய்யாவ," என்றாள்.

நான் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொன்ன அந்த மாற்றம் வருகிறதா என்று பார்த்தேன். வர வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். வந்திருந்தால் அவன் பக்கம் கொஞ்சமாவது நியாயம் இருக்கும்.

"மஹய்யாவயா?" என்று அவள் முகம் மலர்ந்தது. "என்கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி அங்கதான் கட்டிக்கிட்டுப் போயிருக்கா. கல்யாணத்துக்கு முந்தி கோயில் திருவிழாவுக்கு வந்திருக்கேன். அவங்க வீட்டுலதான் சாப்பிட்டேன். நீங்க அங்க என்ன செய்யிறீங்கம்மா?"

"நகரசபையில ரோட்டு கூட்டுனேன். இப்ப பென்ஷன்."

"எங்க அப்பாயி தோட்டத்துல கொழுந்து எடுத்தே கூனிப்போயிட்டாங்க. நீங்களாவது இனிமே நல்லா ரெஸ்ட் எடுங்க." கிளாசைத் தாளில் சுற்றிக்கொண்டே அவள் சொன்னாள், "எங்க வீட்டுக்காரருக்கு அம்மா இல்ல. சின்னதுலயே போயிட்டாங்களாம். அம்மாவப் பத்திக் கேட்டாலே அவருக்குக் கண்ணு கலங்கிரும். நானும் கேக்குறதில்ல."

"அப்படியா," என்றாள் அம்மா.

குழந்தையின் தலையில் கையை வைத்து எதையோ முணுமுணுத்துவிட்டு எழுந்தாள். காசைக் கொடுத்தாள். அந்தப் பெண் படி வரைக்கும் வந்து, பார்த்து இறங்குங்கள் என்று கையைப் பிடித்துவிட்டாள்.

வேனில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பேராதனை நெருங்கும்போதுதான் சொன்னாள்:

"நல்ல பொண்ணு. அதையும்ல ஏமாத்தி வச்சிருக்கான்."

"நாம சொல்லிருவமாம்மா?"

"வேணாம். நாம சொன்னா கோள் மூட்டுன மாதிரி. அதோட வாழ்க்கையக் கெடுக்குறதுக்கா போனோம்? பெத்தவ உசுரோட இருக்கான்னு அவன் வாயாலதான் சொல்லணும்."

இன்றுவரை அவன் சொல்லவில்லை. சில மாதங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பழைய குரல், பழைய உற்சாகம். துபாயிலேயே இன்னொரு விமான நிலையத்தைப் பெருப்பிக்கப் போகிறார்களாம், முடிந்தால் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அது தூக்கிச் சாப்பிட்டுவிடுமாம், அங்கே ஆள் எடுக்கும்போது என் பெயரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தான். நடந்தது எதுவும் நடக்காததைப்போல. நான் பதில் போடவில்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறாள்.

கம்பளைப் பக்கம் ட்ரிப் வந்தால் வேறு டிரைவருக்குக் கொடுத்துவிடுகிறேன். அம்மா மட்டும் என்னிடம் சொல்லாமல் இரண்டு தடவை பஸ்ஸில் போய்விட்டு வந்திருக்கிறாள். அந்தப் பாத்திரக் கடையின் பையைக் குசினியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அங்கே என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.